மாஸ்டருக்கு என்ன டிகிரி?

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)

 

நம் சங்கம் திருவண்ணாமலையில் நடத்தும் ஞாயிற்றுக்கிழமை கலைப் பயிற்சி வகுப்பைப் பற்றி என்னைப் பேசச் சொன்னார்கள். வரவு செலவுக் கணக்கு தனியாக அச்சாகிறது. நான் அங்கே ஆட்டம் சொல்லித்தரும் ஆசிரியர்களைப் பற்றி மட்டும் பேசுகிறேன். அதில் நான் செய்த தப்பும் ஒன்று வரும். பேராசிரியர்கள் முன்னால் ஒப்புக்கொள்வது நமக்குப் புதுசா என்ன?

மூன்று வருஷத்துக்கு முன் நாட்டிய ஆசிரியரைத் தேர்வு செய்யும் வேலை என் தலையில் விழுந்தது. நான் எஞ்சினியர் ஆயிற்றே! டெண்டர் நோட்டீஸ் மாதிரி ஓர் அறிவிப்பு தயாரித்தேன். "பட்டயச் சான்றிதழ் கட்டாயம்" என்று அடிக்கோடு வேறு.

எழுபது வயது மதிக்கத்தக்க ஒரு பெரியவர் வந்தார். கையில் மஞ்சள் பை. அதற்குள் தட்டுக்கழி. அப்பாவும் தாத்தாவும் நட்டுவனார்களாம். "சர்டிபிகேட் இருக்குங்களா ஐயா?" என்றேன். "இல்லீங்க தம்பி" என்றார். "ரூல் அப்படிங்க" என்றேன். அவர் கோபப்படவில்லை. பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். டீ கூடக் கொடுக்கவில்லை, அதுதான் இன்னும் உறுத்துகிறது.

நாங்கள் வேலைக்கு எடுத்தது ஓர் இளம் ஆசிரியையை. நம்மூர் மாவட்ட அரசு இசைப்பள்ளியில் மூன்று ஆண்டுச் சான்றிதழ் முடித்து, பிறகு பட்டயமும் பெற்றவர். நல்ல டீச்சர். முதல் மாதச் சம்பளம் வாங்கும்போது அவர் கேட்டார்: "அந்தப் பெரியவரையா சார் திருப்பி அனுப்பிட்டீங்க? ஜதியில எனக்குச் சந்தேகம் வந்தா நானே அவர்கிட்டதான் போவேன்." எனக்கு முகம் செத்துவிட்டது.

அதற்கப்புறம்தான் கொஞ்சம் படித்தேன், நாலு பேரிடம் கேட்டேன். இன்று அரங்கேற்றத்தில் நாம் பார்க்கிறோமே, அலாரிப்பு, ஜதீஸ்வரம், சப்தம், வர்ணம், பதம், தில்லானா என்ற வரிசை, அதை ஒழுங்கு செய்தவர்கள் தஞ்சை நால்வர் எனப்படும் சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு சகோதரர்கள். இரண்டாம் சரபோஜி மன்னர் காலத்தவர்கள். அவர்கள் வழிவந்தவர் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை. அவரிடம் கற்ற ருக்மிணி தேவி 1935-ல் அடையாறில் மேடையேறினார். 1936-ல் கலாக்ஷேத்ரா பிறந்தது. ஆரம்பத்தில் அங்கே கற்றுக்கொடுத்தவர்கள் பந்தநல்லூர் நட்டுவனார்கள். பிறகு அங்கே படித்தவர்களே ஆசிரியர்களானார்கள். பட்டயம் என்ற காகிதம் இப்படித்தான் வந்தது. காகிதம் தப்பில்லை. அது இல்லாவிட்டால் பரம்பரை இல்லாத வீட்டுப் பிள்ளை ஆசிரியர் ஆவது ஏது? எங்கள் டீச்சரின் அப்பா ஆட்டோ ஓட்டுகிறார்.

ஆனால் காகிதம் கொடுக்கப் பழகிய நாம், கொடுத்தவனுக்குக் கொடுத்தவன் யார் என்று பார்க்கவில்லை.

ஒரு ஞாயிறு டீச்சரையும் அழைத்துக்கொண்டு பெரியவர் வீட்டுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்டேன். "கால் ஒத்துழைக்காது தம்பி, உக்காந்துதான் சொல்லித்தருவேன்" என்றார். நட்டுவனார்கள் வழக்கமாக அப்படித்தானாம். கழி ஒரு கையில், வாயில் சொற்கட்டு, கண் முழுக்கக் குழந்தையின் பாதத்தில். எழுந்து ஆடிக்காட்ட வேண்டியதே இல்லை.

அப்போது உள்ளேயிருந்து காபி கொண்டுவந்தவர் அவருடைய அக்கா. எண்பதை நெருங்கும் வயது. டீச்சர் ஏதோ ஒரு பதத்தைப் பற்றிக் கேட்க, பெரியவர் கொஞ்சம் தடுமாறினார். அந்த அம்மா டம்ளரை வைத்துவிட்டு, கையாலும் கண்ணாலும் நாலே வரி காட்டினார். டீச்சர் அழுதுவிட்டார். எனக்கு அபிநயம் தெரியாது. இருந்தாலும் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன்.

கோயிலுக்குப் பெண்களைப் பொட்டுக்கட்டி விடுவதைச் சென்னை மாகாணச் சட்டம் 1947-ல் தடை செய்தது. முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் அதற்காகப் போராடியது நியாயம்தான், எத்தனையோ பெண்கள் தப்பித்தார்கள். ஆனால் ஆட்டமும் அந்த வீடுகளில் கதவைச் சாத்திக்கொண்டது. ஆண்கள் வெளியே வந்து மற்ற வீட்டுப் பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். பாலசரஸ்வதி அம்மா போலச் சிலர் தவிர, அந்த வீட்டுப் பெண்கள் மேடையில் நிற்கவில்லை. "எங்கம்மா ராத்திரியில ஜன்னலை மூடிட்டு சொல்லிக்கொடுத்தாங்க. வெளிய சொல்லாதேன்னு சத்தியம் வாங்கினாங்க" என்றார் அந்த அக்கா. சொன்னதும் உள்ளே போய்விட்டார்.

நம் கிழக்கு ராஜகோபுர வாயிலின் உட்சுவரில் நாட்டியக் கரணச் சிற்பங்கள் இருக்கின்றன. பௌர்ணமிக்குப் பௌர்ணமி போகிறோம், செருப்பு பத்திரமாக இருக்குமா என்ற கவலையில் அண்ணாந்து பார்த்ததுண்டா? நான் பார்த்ததில்லை.

மூன்றாவது ஆசிரியர் கூத்து வாத்தியார், செய்யாறு பக்கம். நம் மாவட்டத்துப் புரிசை, கண்ணப்பத் தம்பிரான் பரம்பரையின் ஊர். அந்தப் பரம்பரையின் சம்பந்தன் பாரிஸின் புகழ்பெற்ற நாடகக் குழுவுக்கே தெருக்கூத்து பயிற்றுவித்தவர். எங்கள் வாத்தியார் அவ்வளவு தூரம் போனதில்லை, பாரதக் கூத்துக்கு ஊர் ஊராகப் போனவர். கூத்திலும் 'அடவு' என்றுதான் சொல்கிறார்கள். முதல் நாள் அதைக் கேட்டு நட்டுவனார் ஐயா திரும்பிப் பார்த்தார். இப்போது இருவரும் டீ குடிக்கும் நேரத்தில் தாளத்தைப் பற்றிச் சண்டை போடுகிறார்கள். வகுப்பை விட அது சுவாரஸ்யம்.

அக்கா ஆறு மாதம் கழித்து வந்தார். எங்கள் பதிவேட்டில் 'கல்வித்தகுதி' என்று ஒரு கட்டம், அதுவும் நான் போட்டதுதான். பேனாவைப் பிடித்துக் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அம்மாகிட்ட" என்று எழுதினார்.

வகுப்பு ஞாயிறு மாலை நாலு மணிக்கு. ஊருக்கு வருகிறவர்கள் வந்து பாருங்கள். கூடத்தில் ஒரு ஃபேன் ஓடவில்லை. எலக்ட்ரிகல் பேட்ச் நண்பர்கள் இத்தனை பேர் இருந்தும் இந்த நிலைமை!