மின்மினிக்கும் வானத்தில் இடம் உண்டு

இரண்டு பெரிய விமான நிறுவனங்கள் மோதிக்கொள்ளும் நாட்டில், குறுந்தூரம் மட்டுமே பறக்கும் ஒரு சிறிய நிறுவனம் பிழைக்க முடியுமா? பிழைத்தால் நமக்கு என்ன பயன்? இதுதான் இன்று எனக்குத் தரப்பட்ட கேள்வி. பதில் தேட வெளிநாடு போக வேண்டியதில்லை. நம் நாட்டிலேயே இருக்கிறது.

2007 ஏப்ரல் 3ஆம் தேதி பினாங்கிலிருந்து கோத்தா பாருவுக்கு ஒரு சிறிய விமானம் புறப்பட்டது. அன்றுதான் ஃபயர்ஃபிளை நிறுவனம் பறக்கத் தொடங்கியது. பெயருக்கு மின்மினி என்று பொருள். தாய் நிறுவனம் மாஸ். விமானம் 50 பேர் அளவில் ஏறக்கூடிய ஃபோக்கர் 50.

ஏன் இந்தத் தடம்? வரைபடத்தைப் பாருங்கள். பினாங்கு மேற்கில், கோத்தா பாரு கிழக்கில், நடுவே தித்திவங்சா மலைத்தொடர். கிரிக், ஜெலி வழியாகக் காரில் போனால் அரை நாள் போய்விடும். ஆகாய வழியில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. பினாங்கில் படிக்கும் பிள்ளைக்கும், அங்கே மருத்துவம் பார்க்க வரும் முதியவருக்கும் இந்த வித்தியாசம் சிறியதா?

பெரிய ஜெட் விமானத்தை விட்டால் என்ன என்று கேட்கலாம். கணக்கு மிக எளிது. 180 இருக்கை உள்ள ஜெட்டில் 50 பேர் ஏறினால் அது நஷ்டம். அதே 50 பேர் 72 இருக்கை உள்ள விமானத்தில் ஏறினால் அது நல்ல கூட்டம். குறுந்தூரத்தில் ஜெட்டின் வேகமும் பெரிதாக உதவாது. மேலே ஏறி முடிப்பதற்குள் இறங்க வேண்டி வரும். புரொப்பெல்லர் விமானத்துக்கு எரிபொருள் குறைவு, ஓடுபாதையும் குறைவாகப் போதும். அதனால்தான் ஃபயர்ஃபிளை 2008இல் 72 பேர் அமரும் ஏ.டி.ஆர். விமானங்களுக்கு மாறியது.

சரி, போட்டி எங்கே வந்தது? சுபாங்கில் வந்தது. 1998இல் பெரிய விமானங்கள் எல்லாம் சிப்பாங்கிற்குப் போய்விட்டன. நகரிலிருந்து சிப்பாங் 50 கிலோமீட்டருக்கு மேல். ஒரு மணி நேரம் பறப்பதற்கு ஒரு மணி நேரம் சாலையில் ஓட வேண்டும். ஆகவே 2007 இறுதியில் ஃபயர்ஃபிளை சுபாங்கிற்கு வந்ததும், ஏர் ஆசியா எங்களுக்கும் இடம் கொடுங்கள் என்றது. அரசாங்கமோ, சுபாங் புரொப்பெல்லர் விமானங்களுக்கு மட்டும் என்றது.

இது நியாயமா? அரசாங்கத் தொடர்புள்ள நிறுவனத்துக்குக் குடை பிடித்தார்கள் என்ற குற்றச்சாட்டை ஒரேயடியாகத் தள்ள முடியாது. ஆனால் விதி விமானத்தின் வகையைப் பார்த்ததே தவிர, முதலாளியின் பெயரைப் பார்க்கவில்லை. பெர்ஜாயா ஏர் முன்பே அங்கிருந்து தியோமானுக்குப் பறந்தது. 2013இல் மலிண்டோ ஏர் ஏ.டி.ஆர். விமானங்களுடன் அதே வாசல் வழியாக உள்ளே வந்தது. பயணிகளுக்கு இன்னொரு தேர்வு கிடைத்தது. சிறியவர்கள் சிறியவர்களோடு போட்டியிட ஒரு களம் இருந்தது.

யானையும் யானையும் சண்டையிட்டால் நடுவில் சருகுமான் சாகும் என்பது மலாய்ப் பழமொழி. நம் நாட்டில் யானைகள் கைகுலுக்கிய போதும் சருகுமான்தான் அடிபட்டது. 2011 தொடக்கத்தில் ஃபயர்ஃபிளை ஜெட் விமானங்களுடன் சபா, சரவாக் தடங்களில் இறங்கியது. ஆகஸ்டு மாதம் மாஸும் ஏர் ஆசியாவும் பங்குப் பரிமாற்ற ஒப்பந்தம் செய்துகொண்டன. அந்த ஆண்டு முடிவதற்குள் ஃபயர்ஃபிளையின் ஜெட் சேவை நின்றது. 2012 மே மாதம் அந்தப் பங்குப் பரிமாற்றமே ரத்தானது. நின்ற சேவை மட்டும் உடனே திரும்பி வரவில்லை.

கிழக்கு மலேசியாவில் இன்னொரு பாடம் உண்டு. பாரியோ போன்ற மலையூர்களுக்கு 19 பேர் அமரும் டுவின் ஓட்டர் விமானம்தான் உயிர்நாடி. 2006 ஆகஸ்டில், உள்நாட்டுத் தடங்களை மாஸும் ஏர் ஆசியாவும் பிரித்துக்கொண்டபோது, அந்தக் கிராமத் தடங்கள் ஃபிளை ஏசியன் எக்ஸ்பிரஸ் என்ற நிறுவனத்துக்குப் போயின. 14 மாதங்கள்தான். 2007 அக்டோபரில் மாஸ்விங்ஸ் அவற்றை எடுத்துக்கொண்டது. பிறகு 2025 பிப்ரவரியில் சரவாக் மாநில அரசே மாஸ்விங்ஸை வாங்க ஒப்பந்தம் போட்டது. ஏன் தெரியுமா? இந்தத் தடங்களை இலாபக் கணக்கு மட்டும் காப்பாற்றாது. அரசாங்க உதவி இருந்தால்தான் நிற்கும். அந்த உதவியை எங்கோ இருப்பவர் நிர்வகிப்பதைவிட, அங்கேயே வாழ்பவர் நிர்வகிப்பது மேல் என்று சரவாக் நினைத்தது.

சுபாங்கிற்கு வருவோம். 2024 ஆகஸ்டில் அங்கே ஜெட் விமானங்களுக்கு மீண்டும் கதவு திறந்தது. ஏர் ஆசியா வந்தது. ஃபயர்ஃபிளையும் ஜெட் விட்டது. எட்டு மாதம்கூட ஓடவில்லை. 2025 ஏப்ரலில் இருவருமே தங்கள் ஜெட் சேவைகளைச் சுபாங்கிலிருந்து விலக்கிக்கொண்டார்கள். ஃபயர்ஃபிளையின் புரொப்பெல்லர் விமானங்களோ அங்கேயே தொடர்ந்தன. விரலுக்கேற்ற வீக்கம் என்று நம் பெரியவர்கள் சொன்னது விமானத் தொழிலுக்கும் பொருந்துகிறது.

ஆக, என் பதில் இதுதான். சிறிய நிறுவனம் பிழைக்கும். அதற்கு மூன்று வேண்டும். தன் தடத்துக்கு ஏற்ற விமானத்தை அது வைத்திருக்க வேண்டும். ஆளுக்கொரு நீதி இல்லாத விதியை அரசாங்கம் வைக்க வேண்டும். பெரியவர்கள் உட்கார்ந்து பேசும் மேசையில் சிறிய ஊர்களுக்காகப் பேசவும் ஒருவர் இருக்க வேண்டும்.

அந்த மூன்றாவது பொறுப்பு நமக்கும் உண்டு, நேயர்களே. மலிவு டிக்கெட் அறிவிப்பு வந்தால் உடனே பேசிக்கொள்கிறோம். ஒரு தடம் சத்தமில்லாமல் மூடப்பட்டால் யாரும் கேட்பதில்லை. உங்கள் ஊர்த் தடம் நின்றால் உங்கள் நாடாளுமன்ற உறுப்பினரிடம் காரணம் கேளுங்கள். வணிகச் சங்கங்களையும் கேட்கச் சொல்லுங்கள். போட்டியில் எந்த நிறுவனம் வென்றாலும் வெல்லட்டும். கோத்தா பாருவில் இருக்கும் நோயாளிக்கும் பாரியோவில் இருக்கும் மாணவனுக்கும் விமானம் வர வேண்டும்.