பின்னிஷ் மொழியில் பொறுப்பேற்றல்

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரை)



பொறுப்பைப் பற்றிப் பேசும்படி செயலாளர் கேட்டார். இந்த மண்டபத்தில் அந்தச் சொல்லை நாங்கள் கேட்காத காலைக் கூட்டம் இல்லை. எனவே நன்கு தெரிந்த சொல்லைத் தூரத்து மொழியொன்றின் வழியாகப் பார்க்கலாம் என்று நினைத்தேன். நான் பின்லாந்தில் மருத்துவராக வேலை செய்கிறேன். நோயாளரோடு பேசுவதற்காகவே பின்னிஷ் மொழியைப் படித்தேன்.

அங்கே பொறுப்புக்கு ‘வஸ்தூ’ என்று பெயர். எங்கள் ‘வஸ்து’வைக் கடைசியில் நீட்டிச் சொன்னால் போதும். அதற்கு உறவான வினைச்சொல் ‘வஸ்தான்’. ‘மறுமொழி சொல்கிறேன்’ என்று அர்த்தம். இங்கே எங்களுக்கு வேற்றுமை உருபுகளைப் பாடமாக்கிய தமிழ் ரீச்சர்மாரை நினைத்துக்கொள்கிறேன். தமிழில் வேற்றுமை 8, பின்னிஷில் 15. ‘கேள்வி’ என்ற சொல்லோடு ‘உள்ளே’ என்று பொருள்தரும் உருபைச் சேர்த்து ‘வஸ்தான்’ என்றால், கேள்விக்கு மறுமொழி சொல்கிறேன் என்பது பொருள். ‘நோயாளி’ என்ற சொல்லோடு ‘இலிருந்து’ என்று பொருள்தரும் உருபைச் சேர்த்து அதே ‘வஸ்தான்’ என்றால், இந்த நோயாளிக்கு நான் பொறுப்பு என்று ஆகிவிடும். நாளைக்கு யாரும் வந்து கேட்டால், மறுமொழி சொல்லவேண்டியவள் நான்.

பொறுப்பைச் சுமப்பது என்றும் அவர்கள் சொல்வார்கள். அந்த வினைச்சொல் ‘கந்தா’. நல்லூரில் நாங்கள் கூப்பிடுகிற பெயர்தான், ஏறக்குறைய அதே ஒலியோடு! மாரிகாலத்தில் ஏரி உறையும்போதும் இதே சொல் வரும். கால் வைக்குமுன் ‘பனிக்கட்டி தாங்குமா?’ என்று கேட்பார்கள். ஒருவர் நடந்துபோகக் குறைந்தது 5 சென்ரிமீற்றர் உறுதியான பனிக்கட்டி வேண்டும் என்பது அங்கே எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. அதைவிட மெல்லியதென்றால் ஏறக்கூடாது. எங்கள் ‘பொறுப்பு’ம் ‘பொறு’ என்ற வேரிலிருந்து வந்ததுதான். தாங்குதல் என்ற பொருள் அதிலும் இருக்கிறது.

தாங்கக்கூடிய அளவைச் சொல்லவும் அந்த மொழியில் வழி உண்டு. ‘ஒதன் வஸ்தூன்’ என்றால் முழுப் பொறுப்பையும் நான் எடுக்கிறேன். ‘ஒதன் வஸ்தூதா’ என்றால் பொறுப்பில் ஒரு பங்கை எடுக்கிறேன். ஓர் உருபு மட்டுமே வித்தியாசம். பங்கை எடுப்பது குறைவான செயல் அல்ல. எந்தப் பங்கு என்று சொல்லிவிட்டால், மீதியை யார் எடுப்பது என்று மற்றவர்கள் யோசிக்கலாம்.

பின்னிஷ்காரர் எல்லோரும் எப்போதும் இப்படித்தான் பேசுகிறார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். நழுவுவதற்கும் அவர்களிடம் ஒரு சொல் இருக்கிறது: ‘கத்ஸொதான்’. செய்கிறவர் யார் என்று காட்டாத வினை வடிவம். ‘பார்க்கப்படும்’ என்றும் கொள்ளலாம், ‘பார்ப்போம்’ என்றும் கொள்ளலாம். யாழ்ப்பாணத்தில் பிறந்த எனக்கு அதற்கு அகராதி தேவைப்படவில்லை. அது எங்கள் ‘பாப்பம்’!

‘பாப்பம்’ என்பதில் எல்லோரும் இருக்கிறோம். அதனாலேயே ஒருவரும் இல்லை. மருத்துவத்தில் இது ஆபத்தானது. ஒரு நோயாளி வீட்டுக்குப் போகிறார். அவருடைய பரிசோதனை முடிவு மூன்று நாள் கழித்துத்தான் வரும். அதை யார் பார்ப்பது? வார்ட் வைத்தியர் குடும்ப வைத்தியர் பார்ப்பார் என்று நினைக்கிறார். குடும்ப வைத்தியர் ஆஸ்பத்திரி அறிவிக்கும் என்று நினைக்கிறார். நோயாளியோ, ஒன்றும் சொல்லவில்லை, ஆகவே நல்ல முடிவுதான் என்று நினைக்கிறார். புற்றுநோயின் முதல் அறிகுறி இப்படியே ஒரு கோப்புக்குள் கிடந்துவிடலாம். இதற்கு மருந்து ஒரு வசனம்தான்: ‘முடிவை நான் பார்க்கிறேன், வெள்ளிக்கிழமை உங்களுக்குச் சொல்கிறேன்.’

அந்த வசனத்தைச் சொல்ல ஏன் பின்வாங்குகிறோம்? பொறுப்பேற்றால் பிறகு குற்றவாளியாகிவிடுவோமோ என்ற பயம். பின்லாந்தில் 1987ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த நோயாளர் பாதிப்புச் சட்டம் இந்த இரண்டையும் ஓரளவு பிரித்து வைத்தது. சிகிச்சையில் தவிர்த்திருக்கக்கூடிய தீங்கு ஏற்பட்டால், இன்ன வைத்தியர்தான் குற்றவாளி என்று நிரூபிக்காமலே நோயாளி காப்புறுதியிலிருந்து இழப்பீடு கேட்கலாம். குற்றவாளியைத் தேடும் அவசரம் குறையும்போது, என்ன நடந்தது என்று மறுமொழி சொல்வது கொஞ்சம் இலகுவாகிறது.

இது வைத்தியர்களுக்கு மட்டுமான கதை அல்ல. எங்களில் பலருடைய அம்மா அப்பா ஊரில் தனியே இருக்கிறார்கள். பிள்ளைகள் ரொறன்ரோ, லண்டன், சிட்னி, கொழும்பு என்று பிரிந்திருக்கிறோம். வட்ஸ்அப் குழுவில் ‘அம்மாவுக்குக் கண் மங்குதாம்’ என்று செய்தி வருகிறது. ‘ஓம், கட்டாயம் காட்டவேணும்’, ‘பாப்பம்’ என்று பத்து மறுமொழி வருகிறது. மாதம் மூன்று போய்விடும். அன்பில் குறைவில்லை. வசனத்தில் எழுவாய் இல்லை, அவ்வளவுதான். ‘நான் வியாழக்கிழமைக்குக் கண் வைத்தியரிடம் நேரம் எடுக்கிறன், கூட்டிக்கொண்டு போக ஆர் இருக்கிறியள்?’ என்று ஒருத்தி கேட்டால் அம்மா வைத்தியரிடம் போய்ச் சேருவார். அதுவும் ‘வஸ்தூதா’தான். முழுப் பாரமும் ஒருத்தியின் தலையில் ஏறத் தேவையில்லை. ஊரில் நிற்கிற ஒரு மகளே எல்லாவற்றையும் சுமந்து களைத்துப்போன வீடுகளும் எங்களுக்குத் தெரியும். அவளிடமும் கேட்போம்: தாங்குமா?

கடைசியாக, எங்கள் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். நூறு வருடக் கூட்டறிக்கைகளில் ‘ஆவன செய்யப்படும்’ என்று எத்தனை தரம் எழுதியிருப்போம்! அடுத்த பொதுக்கூட்டத்திலிருந்து அந்த வரிக்குப் பக்கத்தில் ஒரு பெயரும் ஒரு திகதியும் எழுதுவோம். நூலகத் திருத்த வேலையில் பின்லாந்திலிருந்து செய்யக்கூடிய பங்கு எதுவோ, அதற்கு எனது பெயரை இன்றே எழுதிக்கொள்ளுங்கள்.