டயரும் அதன் காற்றும்



மோட்டார் வண்டியைத் தரையின்மேல் தாங்கி நிற்பது எது என்று கேட்டால், டயர் என்று உடனே விடை சொல்வீர்கள். ஆயினும் ரப்பர் ஒரு பை மட்டுமே. சுமையைச் சுமப்பது அப்பைக்குள் அடைபட்டிருக்கும் காற்று. வால்வைத் திறந்து காற்றை வெளியேற்றிவிட்டால் அதே ரப்பர் அதே வண்டியின் கீழே நசுங்கிக் கிடப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள்.

சிறு கணக்கு ஒன்று போடுவோம். 1,000 கிலோ எடையுள்ள காரில் ஒவ்வொரு சக்கரத்தின் பங்கு 250 கிலோ. அதாவது ஏறக்குறைய 550 பவுண்டு. டயருக்குள் சதுர அங்குலத்துக்கு 30 பவுண்டு அழுத்தம் இருக்கிறதென்று வைத்துக்கொள்ளுங்கள். 550ஐ 30ஆல் வகுத்தால் 18 சதுர அங்குலத்துக்குச் சற்று அதிகமாக வரும். பக்கச்சுவரும் கொஞ்சம் தாங்குவதால் கணக்கு சற்று முன்பின்னாகலாம். ஆனால் ஒரு சக்கரம் பூமியைத் தொடும் இடம் ஒரு கையகலந்தான். பிரேக் பிடிப்பதும், வளைவில் திரும்புவதும், மழையில் வழுக்காமல் நிற்பதும் இந்த நான்கு கையகல நிலத்தை நம்பியே நடக்கின்றன.

கோயமுத்தூர்ப் பக்கத்தாருக்கு இது புதுப் பாடமன்று. 1920-இல் ஜி. டி. நாயுடு அவர்கள் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பஸ் ஓட்டத் தொடங்கினார். 1937-இல் எல். ஜி. பாலகிருஷ்ணன் நிறுவனமும் பஸ் போக்குவரத்தாகவே பிறந்தது. பஸ் முதலாளிக்கு டயர் என்பது வரவு செலவில் பெரிய இனம்; அது மாதம் முன்னதாகத் தேய்ந்தால் பெட்டியில் பணம் குறையும். 1960-இல் கோவையில் தோன்றிய எல்ஜி நிறுவனம் மோட்டார்ப் பட்டறைச் சாதனங்களையும், காற்றை அழுத்தித் தரும் கம்ப்ரஸர்களையும் செய்யத் தொடங்கியது. தேய்ந்த டயருக்குப் புதுப் பட்டன் ஏற்றும் ரப்பரும் இயந்திரங்களும் இன்று கோவையிலிருந்து வெளிநாடுகளுக்கும் செல்கின்றன. இவ்வளவு இருந்தும், நம் ஊர்ப் பெட்ரோல் பங்கில் காற்றுப் பிடிக்கும் இளைஞர் “எத்தனை வைக்கட்டும்?” என்று கேட்டால், “நீங்களே பார்த்து வையுங்கள்” என்று சொல்பவர்களே அதிகம். என் காதாலேயே பல முறை கேட்டிருக்கிறேன். எல்லா வண்டிக்கும் ஒரே எண்ணை அவர் எப்படிப் பார்த்து வைப்பார்?

அந்த எண் டயரின் விளிம்பில் இல்லை. அங்கே பொறித்திருப்பது அந்த டயர் தாங்கக்கூடிய உச்ச அழுத்தம். உங்கள் வண்டிக்கு உரிய எண், ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் கதவுச் சட்டத்தில் ஒட்டிய சிறு சீட்டிலோ, வண்டியுடன் தந்த கையேட்டிலோ இருக்கும். இருவர் மட்டும் செல்லும்போது ஓர் அளவு, குடும்பமும் மூட்டை முடிச்சும் ஏறினால் வேறோர் அளவு என்று பல வண்டிகளில் இரண்டு எண்கள் கொடுத்திருப்பார்கள். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் வேறுபடுவதும் உண்டு.

அந்த எண் குளிர்ந்த டயருக்கு உரியது. காலையில், வண்டி ஓடுமுன், வெயில் படுமுன் அளந்து பார்க்க வேண்டும். ஒரு பக்கச் சக்கரங்கள் மட்டும் வெயிலில் நின்றிருந்தால்கூட மானி அந்தப் பக்கத்தில் அதிகம் காட்டும். வண்டி நெடுந்தூரம் ஓடிய பின் அழுத்தம் நான்கைந்து பவுண்டு ஏறியிருப்பது இயற்கை. அதைக் கண்டு அஞ்சிக் காற்றைத் திறந்துவிடுவது பெரும் பிழை.

இங்கே ஒரு நம்பிக்கையைப் பற்றிப் பேசியாக வேண்டும். “சித்திரை வெயிலில் காற்றைக் குறைத்து வை, இல்லையேல் டயர் வெடிக்கும்” என்று அனுபவசாலிகள்கூடச் சொல்வார்கள். கேட்பதற்கு நியாயமாகத் தோன்றும். நடப்பதோ நேர் எதிர். காற்றுக் குறைந்த டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் அதிகமாக மடிந்து நிமிர்கிறது. ஒரு கம்பியை இங்கும் அங்கும் பலமுறை வளைத்துத் தொட்டுப் பாருங்கள், சுடும். கோவையிலிருந்து அவிநாசி வழியாகச் சேலம் செல்வதற்குள் ஒரு சிறு காரின் சக்கரம் ஏறக்குறைய 80,000 தடவை சுழல்கிறது. 80,000 மடிப்பு! அந்த உஷ்ணம் ரப்பரையும் உள்ளே இருக்கும் இழைகளையும் பிரித்துவிடுகிறது. நால்வழிச் சாலையில், ஐந்து பேர் அமர்ந்த வண்டியில், நடுப்பகலில் டயர் சிதறும்போது, “வெயில் தாங்கவில்லை” என்கிறோம். பழி வெயிலின்மேல் விழுகிறது. காற்றைக் குறைத்த கையை யாரும் நினைப்பதில்லை. அளவுக்கு மேல் காற்று வைப்பதும் தவறுதான். நடுப்பட்டன் தேயும், பிடிப்புக் குறையும். குறைந்த காற்றில் இரு ஓரங்களும் தேயும். ஓர் ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால் சக்கரத்தின் நேர்மையைச் சரிபார்க்கச் சொல்லுங்கள்.

இனி, புது டயர் வாங்கும் கதைக்கு வருவோம். பட்டன் பள்ளங்களின் அடியில் ஆங்காங்கே சிறு மேடுகள் இருக்கும். அவற்றின் உயரம் 1.6 மில்லிமீட்டர். ரப்பர் தேய்ந்து அம்மேட்டுக்குச் சமமாகிவிட்டால், டயர் மொட்டையாகும்வரை காத்திராமல் மாற்ற வேண்டியதுதான். பழைய டயரின் பக்கத்தில் 165/80 R 14 85 T என்பது போல ஒரு வரி இருக்கும். முதல் எண் மில்லிமீட்டரில் அகலம். அடுத்தது அந்த அகலத்தில் பக்கச்சுவரின் உயரம் எத்தனை சதவிகிதம் என்பது. R என்றால் ரேடியல் அமைப்பு. 14 என்பது உள்விட்டம், அங்குலத்தில். 85 என்பது சுமைக்குறி: ஒரு டயர் 515 கிலோ தாங்கும். T என்றால் மணிக்கு 190 கிலோமீட்டர் வேகம் வரை. சுமைக்குறியில் மட்டும் கீழே இறங்கக் கூடாது. கல்லூரி இளைஞர் சிலருக்கு அகலமான டயர்மேல் மோகம் உண்டு. விட்டம் மாறினால் வேகமானி பொய் சொல்லத் தொடங்கும் என்பதை அவர்கள் அறிவதில்லை.

கடைக்காரரிடம் இன்னொன்றும் கேளுங்கள். நான்கு இலக்க எண் ஒன்று டயரில் பொறித்திருக்கும். 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. ரப்பர் ஓடாமல் இருந்தாலும் முதுமை அடையும் பொருள். இரண்டு டயர் மட்டும் வாங்கினால், முன்சக்கரத்துக்குத்தான் புதியது என்று பலர் வாதிப்பார்கள். பின்னால் போடுவதே மேல். ஈரச் சாலையில் பின்பக்கம் வழுக்கினால் வண்டி சுழன்றுவிடும். சாதாரண ஓட்டுநரால் அதைத் திருப்பி நிறுத்த இயலாது. பட்டன் ஏற்றிய பழைய டயர் பஸ்ஸுக்கும் லாரிக்கும் பொருத்தமான சிக்கனம். என் காருக்கு நான் அதை வாங்குவதில்லை.

பௌதிகம் படிக்கும் மாணவர்களுக்கு ஒரு வேடிக்கை சொல்கிறேன். மேட்டுப்பாளையம் ஏறக்குறைய 300 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. உதகை 2,240 மீட்டரில். மேலே ஆகாயத்தின் அழுத்தம் 14 பவுண்டிலிருந்து 11 பவுண்டு சொச்சமாகக் குறைகிறது. மானி காட்டுவது உள்ளழுத்தத்துக்கும் வெளியழுத்தத்துக்கும் உள்ள வேறுபாட்டைத்தானே? ஆகவே 30 பவுண்டு வைத்த டயர் உதகையில் 33 காட்ட வேண்டும். ஆனால் கீழே 32 டிகிரியாக இருந்த உஷ்ணம் மேலே 12 டிகிரியாக இறங்கியிருந்தால், குளிர்ச்சியால் காற்று ஏறக்குறைய அதே மூன்று பவுண்டைத் திரும்ப எடுத்துக்கொள்கிறது. இரவு உதகையில் தங்கிக் காலையில் அளந்தால் மானி மீண்டும் 30-ஐ ஒட்டியே நிற்கும். மலை ஏறிய களைப்போடு பங்குக்குப் போய், சூடான டயரில் 35 இருக்கிறதென்று காற்றை இறக்கிவிட்டு வந்தவர்தான், மறுநாள் குன்னூர் வளைவுகளில் இறங்கும்போது தளர்ந்த சக்கரங்களோடு இறங்குகிறார்.