சதுப்பு நிலத்தைக் காக்கும் செலவு யாருடையது?

(மலாக்கா மாநிலத் தோட்ட மக்களிடையே ஆற்றப்பட்ட உரை)

 

எதற்கும் உதவாது என்று நம்மில் பலர் ஒதுக்கிவிடும் ஒரு நிலத்தைப் பற்றி இன்று பேச விழைகின்றேன். அதுதான் சதுப்பு நிலம். கோலா லிங்கியில் ஆறு கடலோடு கலக்கும் இடத்தில் வளர்ந்துள்ள கண்டல் காடும், தோட்டத்தின் தாழ்ந்த மூலையில் நாணல் மண்டிக் கிடக்கும் சேறும் அதில் அடங்கும். பெருமழையில் வெள்ளத்தைத் தாங்கிக் கொள்வதும், வறட்சியில் சிறிது சிறிதாக ஆற்றுக்கு நீர் விடுவதும் அந்நிலத்தின் பணியாகும். கண்டல் வேர்களுக்கிடையேதான் இறாலும் மீன்குஞ்சும் வளர்கின்றன. 1991ஆம் ஆண்டில் டுரியான் துங்கால் நீர்த்தேக்கம் வறண்டு, மலாக்கா மக்கள் தண்ணீருக்குத் தவித்ததை மூத்தோர் மறந்திருக்க மாட்டார்கள். நிழலின் அருமை வெயிலில் தெரியும் என்பதைப் போல, நீரைத் தேக்கும் நிலத்தின் அருமை வறட்சியில்தான் தெரிகின்றது.

"அப்படியாயின் அரசாங்கம் பணம் ஒதுக்கிக் காக்கலாமே?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால், எந்த அரசாங்கம் என்பதை முதலில் அறிந்துகொள்ள வேண்டும்.

நமது அரசியலமைப்புச் சட்டத்தின் ஒன்பதாவது அட்டவணை, அதிகாரங்களைக் கூட்டரசுப் பட்டியல், மாநிலப் பட்டியல், பொதுப் பட்டியல் என மூன்றாகப் பிரித்து வைத்திருக்கின்றது. நிலம், காடு, ஒரே மாநிலத்துக்குள் ஓடும் ஆறு ஆகியவை மாநிலத்துக்கு உரியவை. வனவிலங்குப் பாதுகாப்பு, தேசியப் பூங்கா, வடிகால், நீர்ப்பாசனம் ஆகியவை இரு அரசாங்கங்களுக்கும் பொதுவானவை. சதுப்பு நிலம் என்னும் பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லை. லிங்கி ஆற்றோரத்து முதலையைக் காப்பது பொதுப் பட்டியல். அது படுத்திருக்கும் சேறு மாநிலப் பட்டியல்! சதுப்பை வெட்டி வடிகால் அமைக்க இரு அரசாங்கங்களும் செலவிடலாம். அதனை வெறும் நிலமாக அப்படியே வைத்திருக்கும் பொறுப்பு மாநிலத்தின் தலையில் விழுகின்றது.

மாநிலத்தின் வருமானம் எது? பத்தாவது அட்டவணை அதனை வரிசையாகக் கூறுகின்றது. முதலாவதாக நிற்பது கள்ளுக்கடை வருமானம் என்றால் நீங்கள் சிரிப்பீர்கள். அடுத்து வருவன நிலம், சுரங்கம், காடு. வருமான வரியும் சுங்க வரியும் கூட்டரசைச் சேர்கின்றன. ஆகவே நிலத்தை மேம்பாட்டுக்குக் கொடுத்தால் மாநிலத்துக்குப் பணம் வரும். காத்து வைத்தால் வராது. கடன் வாங்கலாமெனில், 111ஆவது விதி அதற்கும் எல்லை வகுத்துள்ளது. கூட்டரசிடம் வாங்கலாம், இல்லையேல், கூட்டரசு ஒப்புக்கொண்ட வங்கி போன்றவற்றிடம் ஐந்தாண்டுகளுக்கு மேற்படாத தவணையில் வாங்கலாம்.

தோட்டத்து மொழியில் சொல்வதானால், "இந்த ரப்பர் மரத்தை வெட்டாதே" என்று பால்வெட்டுத் தொழிலாளியிடம் கூறிவிட்டு, அன்றைய கூலியை யார் தருவது என்று சொல்லாமல் விடுவதைப் போன்றது இது.

கூட்டரசு உதவ முடியாதா? முடியும், ஆனால் சட்டம் காட்டும் வாயிலின் வழியே வரவேண்டும். 104ஆவது விதியின்படி, அரசியலமைப்பு நேரடியாகச் சுமத்திய செலவுகள் நீங்கலாக, நாடாளுமன்றத்தின் ஒப்புதலின்றி அரசாங்கத்தின் தொகுநிதியிலிருந்து பணம் எடுத்தலாகாது. 109ஆவது விதி, மக்கள்தொகைக்கேற்ற மானியத்தையும் சாலை மானியத்தையும் கட்டாயமாக்கியுள்ளது. சாலைக்கு உறுதியான பணம் உண்டு. சதுப்புக்கு அத்தகைய உறுதி கிடையாது. 1994இல் நம் நாடு சதுப்பு நிலங்களுக்கான ராம்சார் உடன்படிக்கையில் சேர்ந்து, பகாங்கிலுள்ள தாசேக் பெராவைப் பதிவு செய்தது. எனினும் அந்நிலம் பகாங் மாநிலத்தின் அதிகாரத்திலேயே உள்ளது.

இந்தக் குறையை ஓரளவு போக்கவே, இயற்கையைப் பாதுகாக்கும் மாநிலங்களுக்குக் கூட்டரசு நிதி வழங்கும் திட்டம் 2019ஆம் ஆண்டின் வரவு செலவுத் திட்டத்தில் 6 கோடி வெள்ளியுடன் தொடங்கியது. 2025ஆம் ஆண்டுக்கு 25 கோடி வெள்ளி அறிவிக்கப்பட்டது. இது வரவேற்கத்தக்க வளர்ச்சியே. ஆயினும் சாலை மானியத்தைப் போல் இஃது அரசியலமைப்பில் இடம்பெறவில்லை. ஆண்டுதோறும் புதிதாக ஒதுக்கப்பட வேண்டியதாக இருக்கின்றது. காடு ஆண்டுக் கணக்குப் பார்த்து வளர்வதில்லை. வெட்டிய கண்டல் மீண்டும் காடாவதற்குப் பல்லாண்டுகள் வேண்டும்.

நாம் செய்யக்கூடியது என்ன? 1976ஆம் ஆண்டு நகர், கிராமத் திட்டமிடல் சட்டத்தின்படி, உள்ளூர்த் திட்ட நகல் மக்கள் பார்வைக்கு வைக்கப்படும். அதனைப் பார்வையிடவும், எழுத்து மூலம் ஆட்சேபம் தெரிவிக்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. உங்கள் லயத்துக்கருகிலுள்ள தாழ்நிலம் அதில் எந்த வண்ணத்தில் குறிக்கப்பட்டுள்ளது என்று கேளுங்கள். படித்த பிள்ளைகளை உடன் அழைத்துச் செல்லுங்கள். சட்டமன்ற உறுப்பினரிடமும், அந்நிலம் பாதுகாப்புப் பகுதியாக அரசிதழில் வெளியிடப்பட்டுள்ளதா என்று வினவுங்கள்.

மாநில விவகாரங்களில் கூட்டரசு தடையின்றிச் செய்யக்கூடியவற்றை 94ஆவது விதி கூறுகின்றது. ஆராய்ச்சி, ஆலோசனை, தொழில்நுட்ப உதவி ஆகியவற்றோடு மக்களுக்கு விளக்கமளித்தலும் அவற்றுள் ஒன்று. அந்த விதியின் நிழலில் நின்றே நான் இன்று பேசினேன். விளக்கம் தருவது எங்கள் கடமை. கேள்வி கேட்பது உங்கள் உரிமை.