எங்கே இருக்கே?



பிள்ளை பிடிக்கிறவன் கோணிச்சாக்கோடு வருவான் என்று சொல்லியே நம்மை வளர்த்தார்கள். இப்போது அவன் செல்போனில் வருகிறான். 'நீ இல்லாட்டி செத்துடுவேன்' என்கிறான். நகரத்தில் வேலை இருக்கிறது என்கிறான். ரேணிகுண்டா ஜங்ஷனிலிருந்து சென்னைக்கும் வண்டி, மும்பைக்கும் வண்டி. திருப்பதி போய்வரும் கூட்டத்தில் ஒரு பெண்பிள்ளையை யார் தனியாகக் கவனிக்கப் போகிறார்கள்?

சித்தூர் பக்கத்து உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்கள் ஒன்பதாம் வகுப்பில் ஒருநாள் கரும்பலகையில் இதை எழுதிப் பார்க்கலாம்: 'எங்கே இருக்கே? பக்கத்துல யாரு? போட்டோ அனுப்பு.' இது அன்பா, அதிகாரமா என்று கேளுங்கள். அக்கறை என்று சில கைகள் உயரும். சினிமா அப்படித்தானே சொல்லிக்கொடுத்திருக்கிறது! அடியில் இன்னொரு வரி எழுதுங்கள்: 'வீட்டுல சொல்லாதே.' அப்புறம் பேசவிடுங்கள். பையன்களையும் சேர்த்துத்தான்.

அப்படிப்பட்டவனை நம்பிப் போய்ச் சிக்கிக்கொண்டு, 'நானாகத்தானே போனேன்' என்ற குற்ற உணர்வில் வாய் திறக்காத பிள்ளைகள் உண்டு. அவர்களுக்கு ஒரு செய்தி. 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 143-வது பிரிவின்படி, ஆள்கடத்தல் வழக்கில் பாதிக்கப்பட்டவரின் சம்மதம் ஒரு பொருட்டே அல்ல. ஏமாற்றியவன்தான் குற்றவாளி.

குழந்தைகள் உதவி எண் 1098. இரவு பகல் எந்நேரமும் பேசலாம், காசு கிடையாது. இன்றைக்கே உங்கள் பிள்ளையின் நோட்டுப் புத்தக அட்டையில் எழுதிக் கொடுங்கள்.