சுடுநீர்க் கருவியும் புவிக்கம்பியும்

மலைநாட்டில் வாழ்வோருக்கு விடியற்காலைக் குளிரின் கொடுமையை நான் எடுத்துரைக்க வேண்டியதில்லை. நுவரெலியாவில் தை, மாசி மாதங்களிற் புற்றரைமீது உறைபனி படியும் நாள்களும் உண்டு. ஆதலால் மின்சாரச் சுடுநீர்க் கருவி அங்கே பல குளியலறைகளில் இடம்பெற்றுவிட்டது. நான் கலைப் பட்டதாரி. மின்னியல் என் துறையன்று. எனினும் என் இல்லத்தில் நிகழ்ந்த ஒன்று, இப்பொருள் பற்றிப் பேசும் கடமையை என்மீது சுமத்தியுள்ளது.

சில ஆண்டுகளுக்கு முன்னர், மலைநாட்டுப் பாடசாலையொன்றின் அதிபர் விடுதியில் நாங்கள் குடியிருந்தோம். ஒருநாட் காலை, சுடுநீர்க் கருவியின் ஆளியைப் போட்டதும் வீடு முழுவதும் இருண்டது. ட்ரிப் சுவிட்ச் விழுந்திருந்தது. உயர்த்தினோம், மீண்டும் விழுந்தது. உதவிக்கு வந்த ஒருவர், "ஐயா, ஏர்த் கம்பியைக் கழற்றிவிட்டால் இந்தத் தொல்லை தீரும், ஐந்து நிமிட வேலை" என்றார். குளிரும் அவசரமும் மிகுந்த அவ்வேளையில், நானும் இசைந்துவிட்டேன். முதலிற் குளிக்கக் காத்திருந்தவர் என் முதிய தாயார்.

அவர் திருப்புளியை எடுத்த தருணத்தில், எங்கள் விஞ்ஞான ஆசிரியர் ஒரு கடிதத்தோடு வந்தார். செய்தி அறிந்ததும், "சேர், அதைத் தொட விடாதீர்கள்" என்று தடுத்து, காரணத்தையும் விளக்கினார். அதனையே உங்களுக்குக் கூறுகிறேன்.

கருவியின் உள்ளே நீரைச் சூடாக்குவது ஓர் உலோகக் குழல். அதன் நடுவே சுருட்கம்பி செல்லும். கம்பி குழலைத் தொடாவண்ணம் மகனீசியம் ஒட்சைட்டுத் தூள் இறுக்கி நிரப்பப்பட்டிருக்கும். நீரிலுள்ள உப்புகள் நாளடைவிற் குழலின்மேற் படிகின்றன. குழல் மிகையாகச் சூடேறியோ அரிப்புற்றோ வெடித்தால், தூள் ஈரமாகி, மின்னோட்டம் நீருக்கும் தொட்டிக்கும் கசிகிறது. அக்கசிவைப் புவிக்கம்பி நிலத்துக்கு அனுப்பிவிடும். செல்லும் மின்னோட்டத்தையும் திரும்பும் மின்னோட்டத்தையும் ஒப்பிடும் ட்ரிப் சுவிட்ச், வேறுபாடு ஏறத்தாழ 30 மில்லியம்பியரை எட்டுமுன்பே இணைப்பைத் துண்டித்துவிடும்.

புவிக்கம்பியைக் கழற்றினால் ட்ரிப் சுவிட்ச் விழாதிருக்கலாம். ஆனால் கசிவு நிற்பதில்லை. 230 வோல்ற்று மின்சாரம் நிலத்தை அடைய வேறு வழி பார்த்திருக்கும். ஈரத் தரையில் நின்று குழாயைத் திறப்பவரின் உடலே அவ்வழி. வாயிற்காவலன் கூச்சலிடுகிறான் என்று அவனை விலக்கிவிட்டுக் கள்வனை வீட்டில் உறங்கவிடும் செயலன்றோ இது!

அவ்வாறாயின் வீட்டுக்காரர் செய்யத்தக்கது யாது? கருவியின் ஆளியை நிறுத்திவிட்டு, ட்ரிப் சுவிட்சை ஒருமுறை உயர்த்திப் பாருங்கள். அது நின்று, கருவியைப் போட்டதும் விழுமாயின், பழுது பெரும்பாலும் கருவியிலேயே உள்ளது. பின்னர் அதனைத் தொடாது தகுதிபெற்ற மின்னியலாளரை அழையுங்கள். ஆளியோ கம்பியோ சூடேறிக் கருகிய மணம் வீசினால், இணைப்புத் தளர்ந்திருக்கக்கூடும். அதனையும் தாமதியாது காட்டுங்கள். விளக்கு எரிந்தும் நீர் சூடாகாவிடின், சுருட்கம்பி அறுந்திருக்கலாம், அல்லது வெப்பநிலையைக் காக்கும் தேமொஸ்ரற் பழுதாகியிருக்கலாம். 2000 வாற்றுக் கருவியின் நல்ல சுருட்கம்பி, மானியில் ஏறத்தாழ 26 ஓம் தடை காட்டும். அளப்பது மின்னியலாளரின் பணி. குழலை மாற்றியபின், தொட்டி நிறைந்து சுடுநீர்க் குழாயில் நீர் தடையின்றி வந்த பின்னரே மின்சாரம் கொடுத்தல் வேண்டும். வெறுந்தொட்டியிற் புதிய குழல் விரைவிற் கருகிவிடும். ட்ரிப் சுவிட்சிலுள்ள சோதனைப் பொத்தானையும் மாதந்தோறும் அழுத்திப் பாருங்கள். விழாவிடின் அதனை மாற்றுங்கள்.

மறுநாள் வந்த மின்னியலாளர் குழலைக் கழற்றிக் காட்டினார். அதன் வளைவில் நகக்கீறல் அளவே வெடிப்பிருந்தது. இரண்டு நாள்கள் அடுப்பிற் காய்ச்சிய நீரில் என் தாயார் குளித்தார். "சோம்பேறித்தனத்தால் இன்னும் திருத்தவில்லையா?" என்று கடிந்துகொண்டார். நான் ஏதும் பேசவில்லை. அவ்வெடிப்பை அவருக்குக் காட்டும் துணிவு எனக்கு இன்றுவரை வரவில்லை.