ஈரல் கெட்டால் புத்தி தடுமாறும்



“குடிச்சுக் குடிச்சு மூளை கலங்கிப் போச்சு” என்று லயத்தில் பேசுவோம். சில வீடுகளில் பேய் என்று நினைத்து மந்திரிக்கவும் போவோம். உண்மையில் அது ஈரல் நோயாக இருக்கலாம்.

குடலில் உண்டாகும் அமோனியா போன்ற நச்சுப் பொருட்களை ஈரல்தான் சுத்தம் செய்கிறது. ஈரல் சுருங்கிப் போனால் அந்த நஞ்சு இரத்தத்தோடு மூளைக்கு ஏறுகிறது. கசிப்பும் சாராயமும் மட்டும் காரணமில்லை. சீனி வியாதியோடு வரும் கொழுப்பு ஈரலும், ஈரல் அழற்சிக் கிருமிகளும் இதைச் செய்யும். அதனால் நோயாளியை ஏசாதீர்கள்.

அடையாளங்களைப் பாருங்கள். பகலில் தூங்கி இரவில் விழித்திருப்பார். கையெழுத்து கோணலாகும். கையை நீட்டச் சொன்னால் பறவை சிறகடிப்பது போல நடுங்கும். பிறகு ஆள் தெரியாமல் பேசுவார். கடைசியில் மயங்கி விடுவார். மலச்சிக்கல், காய்ச்சல், வயிற்றோட்டம், தூக்க மாத்திரை ஆகியவை நோயைக் கிளப்பி விடும். இரத்த வாந்தியோ கறுப்பு மலமோ கண்டால் ஒரு நிமிடமும் தாமதிக்காதீர்கள். 1990 சுவசெரிய அம்புலன்சை அழையுங்கள். அதற்குக் காசு இல்லை.

நிலைமை மோசமானால் அதிதீவிர சிகிச்சைப் பிரிவில் வைப்பார்கள். அங்கே தாதியர் தலைப்பக்கத்தை உயர்த்தி வைப்பது, வாந்தி மூச்சுக்குழாய்க்குள் போகாமல் இருக்கத்தான். இரத்தச் சீனியை அடிக்கடி பார்ப்பார்கள். படுக்கைப் புண் வராமல் புரட்டிப் படுக்க வைப்பார்கள். லக்டுலோஸ் பாணி கொடுத்து நாளுக்கு இரண்டு, மூன்று தடவை மலம் இளகிப் போக வைப்பார்கள். வயிற்றோட்டம் என்று நினைத்து வீட்டில் அந்தப் பாணியை நிறுத்தி விடாதீர்கள். மிஞ்சிப் போனால் வைத்தியரிடம் சொல்லுங்கள். பருப்பு, முட்டையை நீங்களாக வெட்டவும் வேண்டாம். புரதத்தைக் குறைப்பது பழைய வழக்கம்; அதனால் உடம்புதான் வற்றிப் போகும்.

இனி நம் சங்கத்தின் விஷயம். நோயாளி தெளிவாக இருக்கிறாரா என்று அறிய தாதி கேட்பது சின்னக் கேள்விகள்தான்: உங்கள் பெயர் என்ன, இது எந்த இடம், இன்றைக்கு என்ன கிழமை? அதைச் சிங்களத்தில் கேட்டால், கொழுந்து பறித்தே காலம் கழித்த நம் அம்மா விழிப்பார். புத்தி தடுமாறியதா, மொழி விளங்கவில்லையா? தாதிக்கு எப்படித் தெரியும்? நாள் முழுக்க உழைக்கும் அந்தத் தாதியைக் குறை சொல்லவில்லை. 1987இல் 13ஆவது திருத்தத்தால் தமிழும் அரச கரும மொழியானது. அந்த உரிமை கட்டில் ஓரத்துக்கும் வர வேண்டும். கண்டிப் பக்கத்துப் பெரிய ஆஸ்பத்திரிகளில் இரவிலும் தமிழ் தெரிந்த ஒருவர் இருக்க வேண்டும் என்று கிளைக் கூட்டங்களில் தீர்மானம் எடுத்து அனுப்புவோம்.

அதுவரைக்கும், நோயாளியோடு போகிறவர் தாதியிடம் மூன்று விஷயம் சொல்லுங்கள்: இவருக்குத் தமிழ் மட்டும்தான் தெரியும், வழக்கமாக இப்படித்தான் பேசுவார், மாற்றம் இந்த நாளில் தொடங்கியது. சாப்பிட்ட மாத்திரைகளையும் கையோடு கொண்டு போங்கள்.